டிவியில் பார்த்த அடியை நாம் அடித்தால் ஏன் வெளியே போகிறது? தொழில்முறை டென்னிஸும் நம் டென்னிஸும்

மே கடைசியில் பிரெஞ்சு ஓப்பன் தொடங்கி ஜூலையில் விம்பிள்டன் முடிகிற வரைக்கும் மதுரையில் எந்த டென்னிஸ் கோர்ட்டுக்குக் காலையில் போனாலும் ஒரே காட்சிதான். முந்தின ராத்திரி அல்கராஸ் ஆட்டத்தையோ சின்னர் ஆட்டத்தையோ பார்த்துவிட்டு வந்தவர்கள் பந்தை வழக்கத்தைவிட ஓங்கி அடிக்கிறார்கள், பாதி நெட்டில் விழுகிறது, மீதி பின்பக்கக் கம்பிவலையில் போய் மோதுகிறது. ஆடி முடித்து டீக்கடையில் நிற்கும்போது கேள்வி வருகிறது: "அவனுங்க கோட்டை ஒட்டியே அடிக்கிறானுங்க, எப்படிங்க ஒண்ணுகூட வெளிய போகல?"

நியாயமான கேள்விதான். ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு தப்பான கணிப்பு இருக்கிறது. அவர்கள் கோட்டை ஒட்டிக் குறி வைப்பது ரொம்பக் குறைவு. ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான பந்துகள் கோட்டுக்கு மூன்று நான்கு அடி உள்ளே, நெட்டுக்கு நல்ல உயரத்தில் போகின்றன. கோட்டைத் தொட்ட ஏழெட்டுப் பந்துகளைத்தான் மறுபடி மறுபடி போட்டுக் காட்டுகிறார்கள், நம் மனதிலும் அதுதான் நிற்கிறது. வேகத்தைப் பார்க்கிற நாம், அந்த வேகத்துக்கு அடியில் அவர்கள் வைத்திருக்கும் பாதுகாப்பு இடைவெளியைப் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

முதலில் நான்கு சொற்கள்

1. வின்னர்: எதிராளியின் ராக்கெட்டில் படாமலே புள்ளி எடுத்துத் தருகிற அடி.

2. ஃபோர்ஸ்டு எர்ரர்: எதிராளி நல்ல பந்து போட்டு நெருக்கியதால் வருகிற தவறு. ஓடிப்போய் எட்டிப் பிடித்து அடித்தது நெட்டில் விழுந்தால் அது இந்தக் கணக்கு.

3. அன்ஃபோர்ஸ்டு எர்ரர்: நிற்க நேரம் இருந்தது, பந்தும் வசதியாக வந்தது, அப்படியும் நாமே கெடுத்துக்கொண்டது. புள்ளியைத் தொடங்கும் அடியான சர்வீஸுக்குக் கிடைக்கிற இரண்டு வாய்ப்பையும் கெடுத்துக்கொள்கிற டபுள் ஃபால்ட்டும் இதில் சேரும்.

4. ராலி: சர்வீஸுக்குப் பிறகு இரண்டு பேரும் மாறி மாறி அடிக்கிற தொடர்.

ஒரே கோர்ட்டில் இரண்டு வேறு ஆட்டங்கள்

1970களில் சைமன் ரேமோ என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு எளிய வேலை செய்தார். புள்ளி எப்படி முடிந்தது என்று எண்ணிப் பார்த்தார். தேர்ந்த ஆட்டக்காரர்கள் மோதும்போது சுமார் 80 சதவீதப் புள்ளிகள் ஒருவர் முயன்று எடுத்தவை, சாதாரண ஆட்டக்காரர்கள் மோதும்போது சுமார் 80 சதவீதப் புள்ளிகள் ஒருவர் தானே தொலைத்தவை என்று கண்டார். ஆகவே இரண்டும் வேறு வேறு ஆட்டங்கள், ஒன்றில் ஜெயிக்கிறவர் முடிவை உண்டாக்குகிறார், இன்னொன்றில் தோற்கிறவர் முடிவை உண்டாக்குகிறார் என்றார்.

இதைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வரும். டிவியில் ஆட்டம் முடிந்ததும் காட்டுகிற பட்டியலில் பெரிய வீரர்களுக்கும் முப்பது நாற்பது அன்ஃபோர்ஸ்டு எர்ரர் இருக்கிறதே? இருக்கத்தான் செய்யும். ஆனால் அவர்கள் பேரில் எழுதப்படுகிற அந்தத் தவறுக்கு முன்னால் எதிராளி ஆழமாக, சுழற்சியோடு, மார்பு உயரத்துக்கு எகிறுகிற எட்டுப் பந்துகளைப் போட்டிருப்பார். அந்த எட்டில் ஒவ்வொன்றும் நம் கோர்ட்டில் விழுந்தால் நமக்கு அது ஃபோர்ஸ்டு எர்ரர். தவறு என்கிற சொல் ஒன்றுதான், அளவுகோல் வேறு.

கோர்ட்டின் அளவுகளே சொல்லிவிடும்

டென்னிஸ் கோர்ட் 78 அடி நீளம். ஒற்றையர் ஆட்டத்துக்கு 27 அடி அகலம். நெட் நடுவில் 3 அடி, கம்பத்தருகே மூன்றரை அடி. இந்த நான்கு எண்களிலிருந்தே தொழில்முறை ஆட்டக்காரர்களின் பாதித் தந்திரம் வந்துவிடுகிறது.

ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக, அதாவது கிராஸ் கோர்ட் அடித்தால், கிடைக்கிற நீளம் சுமார் எண்பத்திரண்டரை அடி. கோட்டோரமாக நேரே அடித்தால் 78 அடி. நாலரை அடி கூடுதல் இடம் சும்மா கிடைக்கிறது. குறுக்கே போகிற பந்து நெட்டின் நடுப்பகுதியைக் கடக்கிறது, அங்கே உயரமும் கம்பத்தருகே இருப்பதைவிட அரை அடி வரை குறைவு. ஆக நெட்டில் விழாமல் இருப்பதற்கும் வெளியே போகாமல் இருப்பதற்கும் ஒரே திசை உதவுகிறது. ராலியில் பெரிய வீரர்கள் திரும்பத் திரும்பக் குறுக்கே அடிப்பதற்கு இதுதான் முதல் காரணம். நாமோ எதிராளி ஒரு பக்கம் நிற்பதைப் பார்த்ததும் காலியாகக் கிடக்கிற கோட்டோரத்துக்கு அடிக்க ஆசைப்படுகிறோம். நெட் உயரமான இடம், நீளம் குறைவான இடம், இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

சர்வீஸ் கணக்கு இன்னும் கறார். பின்கோட்டிலிருந்து நெட் 39 அடி, நெட்டிலிருந்து சர்வீஸ் கோடு 21 அடி, மொத்தம் 60. பந்து நேர்கோட்டில் போகிறது என்று வைத்துக்கொண்டால், நெட்டின் நடுவை உரசிக்கொண்டு சர்வீஸ் கோட்டில் விழ, அதை எட்டு அடி ஏழு அங்குல உயரத்தில் அடித்திருக்க வேண்டும். ஐந்தரை அடி ஆள் கையையும் ராக்கெட்டையும் முழுக்க நீட்டினாலும் பந்தைத் தொடுவது எட்டரை அடி வாக்கில்தான். அதாவது நம் உயரத்துக்கு நேராக ஓங்கி அடித்த சர்வீஸ் உள்ளே விழ இடமே கிடையாது, புவியீர்ப்பும் சுழற்சியும் பந்தை வளைத்து இறக்கினால்தான் உண்டு. வேகம் கூடக் கூட புவியீர்ப்புக்குக் கிடைக்கிற நேரம் குறைகிறது. முதல் சர்வீஸை உயிரைக் கொடுத்து அடித்து, அது போனதும் இரண்டாவதைப் பயந்து பயந்து தட்டிவிடுகிற பழக்கம் எவ்வளவு நஷ்டமானது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். ஆறு அடி பத்து அங்குல உயரமுள்ள ஜான் இஸ்னர் 2016 டேவிஸ் கோப்பையில் 253 கிலோமீட்டர் வேகத்தில் சர்வீஸ் போட்டார் என்றால், அவர் பந்தைத் தொடுகிற உயரம் பத்தடிக்கு மேல். அவருக்கு நெட்டுக்கு மேல் தாராளமாக இடம் இருக்கிறது.

டாப்ஸ்பின்: வேகத்துக்குப் போடுகிற பிரேக்

சரி, அப்படியானால் அவர்கள் அவ்வளவு வேகமாக அடித்தும் பந்து உள்ளே விழுவது எப்படி?

ராக்கெட்டை பந்துக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து மேல்நோக்கி உரசியபடி முன்னால் கொண்டுபோனால் பந்து முன்பக்கமாக உருண்டபடியே பறக்கும். அதுதான் டாப்ஸ்பின். அப்படிச் சுழல்கிற பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை மேலே தள்ளுகிறது, பதிலுக்குக் காற்று பந்தைக் கீழே அமுக்குகிறது. மேக்னஸ் விளைவு என்று இயற்பியலில் படித்திருப்போம். இதனால் பந்து நெட்டுக்கு மேல் இரண்டு மூன்று அடி உயரத்தில் போய்விட்டு, பின்கோட்டுக்கு முன்னால் சட்டென்று இறங்குகிறது. தரையில் பட்டதும் எகிறி எதிராளியின் தோள் உயரத்துக்கு வருகிறது.

அதிவேக கேமராவில் அளந்தபோது ரஃபேல் நடாலின் ஃபோர்ஹேண்ட், அதாவது ராக்கெட் பிடித்த கையின் பக்கம் அடிக்கிற அடி, சராசரியாக நிமிடத்துக்கு 3,200 சுற்று சுழன்றது. ரோஜர் ஃபெடரருக்குச் சுமார் 2,700. அதற்கு முந்தைய தலைமுறையில் பீட் சாம்ப்ராஸ், அகாஸி போன்றவர்களுக்கு 1,800, 1,900 வாக்கில்தான் இருந்தது. 3,200 என்றால் நொடிக்கு ஐம்பது சுற்றுக்கு மேல். அந்தச் சுழற்சிதான் நடாலை அவ்வளவு பலமாக அடிக்க விட்டது.

நம்மில் பெரும்பாலோர் அடிப்பது தட்டையான பந்து. ராக்கெட்டின் முகம் கொஞ்சம் வானம் பார்த்தபடி இருக்கும், வீச்சு பின்னாலிருந்து முன்னால் நேரே போகும். மெதுவாக அடித்தால் புவியீர்ப்பு இறக்கிவிடும், பிரச்சினை இல்லை. அதே முகத்தோடு, அதே வீச்சோடு வேகத்தை மட்டும் கூட்டினால் பந்து எங்கே இறங்கும்? கம்பிவலையில்தான். டிவி பார்த்த மறுநாள் நடப்பது இதுதான்: வேகத்தை எடுத்துக்கொள்கிறோம், சுழற்சியை விட்டுவிடுகிறோம்.

பலம் எங்கிருந்து வருகிறது

பந்து ஸ்ட்ரிங்கில் ஒட்டியிருக்கிற நேரம் நான்கைந்து மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் யாராலும் எதையும் யோசித்துத் திருத்த முடியாது. எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

பெரிய வீரர்களை அடிக்கிற கணத்தில் பார்க்காமல், அதற்கு ஒரு நொடி முன்னால் பாருங்கள். எதிராளி ராக்கெட்டை வீசத் தொடங்கும்போதே இவர் ஒரு சின்னக் குதி குதிக்கிறார். ஸ்பிளிட் ஸ்டெப் என்பார்கள். எதிராளியின் ராக்கெட்டில் பந்து பட்டதுமே இவர் கால் தரையில் இறங்குகிறது, இறங்கும்போதே எந்தப் பக்கம் என்று முடிவாகி, அந்தப் பக்கத்துக்கு உந்திவிடுகிறார். அடுத்ததாக ராக்கெட்டைக் கையால் பின்னால் இழுப்பதில்லை, தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்புகின்றன, ராக்கெட் கூடவே போகிறது. பந்து நெட்டைத் தாண்டுவதற்குள் இது முடிந்துவிடும். அப்புறம் கால் தரையை உதைக்க, இடுப்பு திரும்ப, அதற்குப் பிறகு மார்பு, தோள், கடைசியாகத்தான் கை. சிலம்பத்தில் கம்பின் நுனி பறப்பது மணிக்கட்டின் பலத்தால் என்று நினைத்து ஆடுகிறவர் கை ஓய்ந்துபோவார், அனுபவப்பட்ட ஆசான் கால் வைப்பைத்தான் முதலில் திருத்துவார். டென்னிஸிலும் அதே வரிசை.

நாம் பந்து நம் பக்கம் தரையில் பட்ட பிறகுதான் ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோகிறோம். நேரம் போதவில்லை, இடுப்பு திரும்பவில்லை, பந்து உடம்புக்குப் பக்கவாட்டிலோ பின்னாலோ வந்துவிட்டது, மிச்சம் இருப்பது கை மட்டும். கையால் மட்டும் வேகம் வரவழைக்கப் பார்க்கிறோம். முழங்கை வலி இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

முழங்கை என்றதும் ஸ்ட்ரிங்கையும் சொல்லியாக வேண்டும். 1997இல் குஸ்டாவோ குயர்டன் என்ற பிரேசில்காரர் யாரும் எதிர்பாராமல் பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்தபோது அவர் ராக்கெட்டில் இருந்தது பாலியஸ்டர் ஸ்ட்ரிங். அதற்குப் பிறகு தொழில்முறை ஆட்டமே மாறியது. பந்து படும்போது இந்த ஸ்ட்ரிங் வழுக்கி நகர்ந்து, சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்புகிறது, அப்படித் திரும்பும்போது பந்துக்குக் கூடுதல் சுழற்சி கொடுக்கிறது. ஆனால் அதை நகர்த்துகிற அளவுக்கு வீச்சில் வேகம் இருக்க வேண்டும். இல்லாதவருக்கு அது வெறும் விறைத்த கம்பி, அதிர்ச்சி முழுக்கக் கைக்கு வரும். போதாக்குறைக்கு பாலியஸ்டர் சீக்கிரமே இழுவிசை இழந்துவிடும். பெரிய வீரர்கள் ஒரே ஆட்டத்துக்குள் பல ராக்கெட் மாற்றுகிறார்கள், நாம் ஸ்ட்ரிங் அறுந்தால்தான் மாற்றுகிறோம். வாரத்துக்கு மூன்று நாள் ஆடுகிற நாற்பது வயதுக்காரருக்கு நடால் போட்ட ஸ்ட்ரிங் தேவையில்லை. கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் மென்மையான மல்ட்டிஃபிலமென்ட் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பந்தும் அப்படித்தான். போட்டிகளில் முதல் ஏழு கேமுக்குப் பிறகும், அதிலிருந்து ஒன்பது கேமுக்கு ஒருமுறையும் புதுப் பந்து வரும். நம் கோர்ட்டில் ஒரே டப்பா பல நாள் ஓடும். ரோமம் தேய்ந்த பந்து காற்றில் அவ்வளவாகப் பிடி கொடுக்காது, சுழற்சி குறைவாகத்தான் வேலை செய்யும். சித்திரை வெயிலில் பந்துக்குள் இருக்கிற காற்று சூடேறி இன்னும் துள்ளும். காலை ஆறு மணிக்கு உள்ளே விழுந்த அதே அடி எட்டரை மணிக்கு வெளியே போவதற்குக் களைப்பு மட்டும் காரணம் இல்லை.

எந்தப் பந்தை எங்கே அடிப்பது

அடிக்கிற விதத்தைவிட, எதை அடிப்பது என்று தேர்ந்தெடுப்பதில்தான் இடைவெளி பெரிது என்பது என் கருத்து. தொழில்முறை ஆட்டக்காரர் ஒவ்வொரு பந்துக்கும் புதிதாக யோசிப்பதில்லை. சில விதிகள் உடம்பில் ஊறியிருக்கின்றன.

1. வந்த வழியே திருப்பு. குறுக்கே வந்த பந்தைக் குறுக்கேயே அனுப்பினால், ராக்கெட் முகம் பந்தின் பாதைக்கு நேர் எதிராக இருக்கும், கொஞ்சம் முன்னே பின்னே பட்டாலும் பந்து உள்ளே விழும். திசையை மாற்றினால் பந்து ராக்கெட்டில் சாய்வாகப் பட்டு விலகும், ஒரு நொடியின் சிறு பங்கு பிசகினாலும் பக்கக் கோட்டைத் தாண்டிவிடும்.

2. திசை மாற்றுவதற்கு என்று ஒரு பந்து வரும், அதுவரை காத்திரு. பந்து குட்டையாக விழ வேண்டும், கால் ஊன்றி நிற்க நேரம் வேண்டும், நாம் கோர்ட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கோட்டோரம். ஓடிப்போய் ஒற்றைக் காலில் எட்டிப் பிடிக்கிற பந்தைக் கோட்டோரம் அடிப்பது நம் வழக்கம், அவர்கள் அந்தப் பந்தை உயரமாகக் குறுக்கே தூக்கிவிட்டுத் தங்கள் இடத்துக்குத் திரும்புகிறார்கள்.

3. அடிக்கும்போதே அடுத்து நிற்கப்போகும் இடத்தையும் கணக்கில் எடு. இதை டிவியில் கவனிப்பது கஷ்டம். குறுக்கே அடித்தவர் கோர்ட்டின் நடுப்புள்ளி வரை திரும்ப வேண்டியதில்லை. எதிராளி திருப்பி அடிக்கக்கூடிய இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் நின்றால் போதும், அந்த நடு இடம் அவர் நின்று அடித்த பக்கமாகவே ஒன்றிரண்டு தப்படி தள்ளி இருக்கும். கோட்டோரம் அடித்தவரோ நடுப்புள்ளியையும் தாண்டி மறுபக்கம் ஓட வேண்டும். ஓடி முடிப்பதற்குள் குறுக்கே பதில் வந்துவிடும். கோட்டோரம் அடித்து அடித்து இரண்டாவது செட்டில் மூச்சு வாங்குகிறவர்கள் வயதைக் குறை சொல்கிறார்கள். வயது அல்ல, திசை.

4. நெருக்கடியில் நேரம் வாங்கு. பந்தின் அடியை வெட்டி மிதக்கவிடுகிற ஸ்லைஸ், எதிராளியின் தலைக்கு மேல் உயரமாகப் போகிற லாப், நெட்டுக்கு மேல் பத்தடி உயரத்தில் ஆழமாகப் போகிற டாப்ஸ்பின், இவையெல்லாம் அவர்கள் தினமும் பயிற்சி செய்கிற அடிகள். தற்காப்பு அவர்களுக்கு அவமானம் இல்லை.

இதோடு சர்வீஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய போட்டிகளில் பத்தில் ஏழு புள்ளிகள் நான்கு ஷாட்டுக்குள் முடிந்துவிடுகின்றன: சர்வீஸ், ரிட்டர்ன், அடுத்தது, அதற்கடுத்தது. முப்பது ஷாட் ராலிதான் நினைவில் நிற்கும், ஆட்டம் முடிவாவது முதல் நான்கில். அதனால் அவர்கள் சர்வீஸைத் தனி அடியாக நினைப்பதில்லை, அடுத்து ஃபோர்ஹேண்டுக்கு வசதியாக ஒரு பந்து வரவழைக்கிற வேலையாகவே நினைக்கிறார்கள். இரண்டாவது சர்வீஸையும் தட்டிவிடுவதில்லை, முதல் சர்வீஸுக்கு வீசிய அதே வேகத்தில் கையை வீசுகிறார்கள், அந்த வேகம் முன்னால் போகாமல் சுழற்சிக்குப் போகிறது. பந்து வளைந்து இறங்கி உயரமாக எகிறும்.

எதிர்ப்பக்கம் நிற்பவர் நிலைமை என்ன? 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பிய சர்வீஸ் காற்றிலும் தரையிலும் வேகம் இழந்து அவரிடம் வந்து சேர அரை நொடி வாக்கில் ஆகும். பந்தைப் பார்த்து முடிவெடுத்தால் காலம் கடந்துவிடும். எதிராளி பந்தைத் தூக்கிப் போடுகிற இடம், தோள் திரும்புகிற விதம், இந்த ஸ்கோரில் அவர் வழக்கமாக எங்கே போடுவார் என்கிற கணக்கு எல்லாவற்றையும் வைத்து முன்கூட்டியே சாய்கிறார். ரிட்டர்னை பெரும்பாலும் நடுக்கோர்ட்டில் ஆழமாகப் போடுகிறார், எதிராளிக்குக் கோணம் கிடைக்காது என்பதற்காக.

நூற்றுக்கு 54

2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஃபெடரர் பேசும்போது ஒரு கணக்கு சொன்னார். அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1,526, அதில் ஏறக்குறைய 80 சதவீதம் ஜெயித்தார். ஆனால் மொத்தப் புள்ளிகளில் அவர் எடுத்தது 54 சதவீதம் மட்டுமே.

இது பலருக்கு நம்ப முடியாததாக இருந்தது, ஆனால் டென்னிஸின் ஸ்கோர் முறை அப்படி: புள்ளிகள் சேர்ந்து கேம், கேம்கள் சேர்ந்து செட், செட்கள் சேர்ந்து ஆட்டம். ஒவ்வொரு புள்ளியையும் 54 சதவீத வாய்ப்பில் ஜெயிக்கிற ஒருவரை எடுத்துக்கொண்டு, சர்வீஸ் ரிட்டர்ன் வேறுபாட்டை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், அவர் ஒரு கேமை ஜெயிக்கிற வாய்ப்பு 60 சதவீதம் ஆகிறது, ஒரு செட்டுக்கு அது சுமார் 76, மூன்று செட் ஆட்டத்துக்கு சுமார் 86. நூற்றுக்கு நான்கு புள்ளி கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம், படிப்படியாகப் பெருகி ஆட்டத்தையே எடுத்துத் தருகிறது. நூற்றுக்கு நான்கு புள்ளியை அன்ஃபோர்ஸ்டு எர்ரரில் தொலைக்காமல் காப்பாற்றினாலும் இதே பலன் கிடைக்கும் என்பதைக் கவனியுங்கள். நமக்கு அது வின்னர் கற்றுக்கொள்வதைவிடப் பல மடங்கு சுலபம்.

எல்லாப் புள்ளிக்கும் எடை ஒன்றல்ல என்பதற்கு 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டம் இருக்கிறது. ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, ஜோகோவிச் எடுத்தவை 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. செட் சமநிலையில் நிற்கும்போது அதை முடிவு செய்கிற டை பிரேக்குகள் மூன்றையும் அவர் ஜெயித்தார், அந்த மூன்றிலும் சேர்த்து ஒரு அன்ஃபோர்ஸ்டு எர்ரர்கூடச் செய்யவில்லை. உலகத்தின் மிகப்பெரிய மேடையில், மிக இறுக்கமான நேரத்தில் அவர் செய்தது அபாரமான அடிகளை அவிழ்த்துவிடுவது அல்ல, பந்தை உள்ளே வைத்தது.

அறுபது வயதுக்காரர் ஏன் ஜெயிக்கிறார்

மதுரையில் காலை ஆட்டக்காரர்கள் கூடுகிற எந்த இடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும், முழங்காலில் பட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி. ராக்கெட் தோளுக்குப் பின்னால் போகவே போகாது. பந்துக்கு முன்னால் போய் நின்று, முகத்தைக் கொஞ்சம் திறந்து, மேலிருந்து கீழாக ஒரு வெட்டு. சத்தம்கூட வராது. பந்து மிதந்து வந்து தரையில் பட்டதும் எழும்பாமல் கணுக்கால் உயரத்தில் வழுக்கும். எதிரே பொறியியல் முடித்த இருபத்து நான்கு வயதுப் பையன் குனியாமல், முழங்கால் மடக்காமல், அந்தப் பந்தை ஓங்கித் தட்டையாக அடிப்பான். நெட். அடுத்தது அவன் முன்னால் வந்தால் தலைக்கு மேல் ஒரு லாப். "சார் பந்தையே அடிக்க மாட்டேங்கிறாரு" என்று பையன் அலுத்துக்கொள்வான். ஸ்கோர் 6-2.

இதில் மர்மம் இல்லை. கணுக்கால் உயரப் பந்தை மூன்றடி நெட்டுக்கு மேல் தூக்கியாக வேண்டும், அப்படித் தூக்கிய பந்து வேகமாகவும் போனால் 78 அடிக்குள் இறங்க டாப்ஸ்பின் வேண்டும், பையனிடம் அது இல்லை. சார் அதைக் கண்டுபிடித்துவிட்டார், அவனிடம் இல்லாத அடியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். ரேமோ எண்ணிப் பார்த்த இரண்டாவது வகை ஆட்டத்தில் அவர்தான் தேர்ந்தவர். இதைத் "தட்டி ஆடுறது" என்று மட்டம் தட்டுவது சரியில்லை. ஆனால் இந்த ஆட்டத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. நல்ல டாப்ஸ்பின் உள்ள ஒரு மாவட்ட அளவு ஆட்டக்காரர் வந்தால் அந்த மிதக்கும் பந்து அவருக்கு விருந்து.

வேகம் இல்லாமலே உலக அளவில் ஆட முடியும் என்று காட்டியவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார், 1961 காலிறுதியில் ராய் எமர்சனைத் தோற்கடித்தார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனின் சர்வீஸ் தொழில்முறை அளவில் மென்மையானது, ஆனாலும் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போது உலகின் முதல்நிலையில் இருந்த மாட்ஸ் விலாண்டரை வென்றார். இவர்கள் ஆடியது பந்தைத் தட்டிவிடுகிற ஆட்டம் அல்ல. பந்தை எழும்பும்போதே எடுத்து எதிராளியின் நேரத்தைப் பறித்தார்கள், இடம் பார்த்து வைத்தார்கள். இன்றைய ராக்கெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் முன்னால் அதே ஆட்டம் இன்றும் எடுபடுமா என்பது வேறு விவாதம்.

நம் கோர்ட்டில் என்ன மாற்றலாம்

1. நெட்டுக்கு மேல் இரண்டு அடி உயரம் என்பதைக் குறியாக வையுங்கள். பந்து நீளமாகப் போய் வெளியே விழுந்தால் அதற்காக நெட்டை ஒட்டி இறக்காதீர்கள், சுழற்சியைக் கூட்டுங்கள். நெட்டில் விழுகிற பந்தால் எதிராளிக்கு ஒரு வேலையும் இல்லை, உயரமாகப் போகிற பந்து குறைந்தபட்சம் அவரை யோசிக்க வைக்கும்.

2. பக்கக் கோட்டுக்கு நான்கடி உள்ளே குறி. அதற்கும் வெளியே போகிற ஆசை வந்தால் கால் ஊன்றி நிற்கிறீர்களா என்று பாருங்கள்.

3. முதல் சர்வீஸின் வேகத்தைக் குறைத்து, இரண்டாவதற்குச் சுழற்சி கற்றுக்கொள்ளுங்கள். கான்டினென்டல் பிடி, அதாவது சுத்தியலைப் பிடிக்கிற மாதிரியான பிடி, இல்லாமல் இது வராது. ஒரு மாதம் சங்கடமாக இருக்கும்.

4. ஆட்டத்துக்கு முன்னால் வெறுமனே பந்து தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் பத்து நிமிடம் குறுக்கே மட்டும் அடித்துப் பழகுங்கள்.

இரட்டையர் ஆடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று, ஏனென்றால் நம் ஊரில் நாற்பது வயதுக்கு மேல் பெரும்பாலும் இரட்டையர்தான். நெட் தாழ்வாக இருக்கிற நடுப்பகுதியில், எதிரே நிற்கும் இருவருக்கும் இடையில் அடியுங்கள். "நீங்க எடுப்பீங்கன்னு நினைச்சேன் சார்" என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற காட்சி எத்தனை தடவை வேண்டுமானாலும் நடக்கும். தொழில்முறை இரட்டையர் ஆட்டத்திலும் நடுப்பகுதிதான் முதல் குறி. அங்கே சர்வீஸ் போடுகிறவரும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து முதல் சர்வீஸை உள்ளே போடப் பார்க்கிறார், நெட்டில் நிற்கிற கூட்டாளிக்கு வேலை கொடுக்க. ரோஹன் போபண்ணா 43 வயதில், 2024 ஜனவரியில், இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்துக்கு வந்தது இந்த ஆட்டத்தில் இடமும் கணக்கும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குச் சாட்சி.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு தலைகீழ்

மேலே சொன்னதெல்லாம் பெரியவர்களுக்கு. கோடை முகாமில் பயிற்சி பெறும் எட்டு வயதுக் குழந்தைக்கு இதையே சொன்னால் கெடுதல். கம்பிவலைக்கு வெளியே நின்று "உள்ள போடுடா, உள்ள போடு" என்று கத்துகிற அப்பாக்கள் நல்ல எண்ணத்தில்தான் கத்துகிறார்கள். பையனும் சீக்கிரமே கற்றுக்கொள்கிறான்: வீச்சைச் சுருக்கி, பந்தைத் தட்டித் தட்டி உள்ளே போட்டுப் பத்து வயதுக்குள் இரண்டு கோப்பையும் வாங்கிவிடுகிறான். பதினான்கு வயதில் எதிரே முழு வீச்சோடு ஒருவன் வந்து நிற்கும்போது இவனிடம் அந்த வீச்சு இல்லை, அதை அப்போது கற்பது மிகக் கடினம். சிறு வயதில் முழுதாக வீசி அடித்த பந்து இரண்டடி வெளியே போனால் அதை விட்டுவிட வேண்டும். சுழற்சி சேர்ந்ததும் அது தானே உள்ளே வரும்.

இன்னொன்று பந்து. பெரியவர்களின் மஞ்சள் பந்து எட்டு வயதுக் குழந்தையின் தலைக்கு மேல் எகிறும். அதைச் சமாளிக்கக் குழந்தை பிடியை விபரீதமாகத் திருப்பும், பின்னாலேயே நின்று பழகும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இதற்காகவே மெதுவான பந்துகளைக் கொண்டுவந்தது: வழக்கமான பந்தைவிட சிவப்பு 75 சதவீதம் மெதுவானது, ஆரஞ்சு 50, பச்சை 25. சிவப்புப் பந்துக்கு 36 அடி கோர்ட், ஆரஞ்சுக்கு 60 அடி. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. இடுப்பு உயரத்தில் பந்து வந்தால்தான் குழந்தை சரியான பிடியோடு முழுதாக வீசக் கற்கும். மதுரையிலோ மேலூர், திருமங்கலம் பக்கமோ பிள்ளையைப் பயிற்சியில் சேர்க்கப் போகிறவர்கள், ஃபீஸ் விசாரிப்பதற்கு முன்னால் பயிற்சியாளரின் கூடையில் என்ன நிறத்தில் பந்து கிடக்கிறது என்று எட்டிப் பாருங்கள். மஞ்சள் மட்டும் கிடந்தால், சிவப்பும் ஆரஞ்சும் வாங்கித் தருகிறோம், சார்ஜில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.